வெள்ளிக்கிழமை முழுக்கு

ஜனவரி முடியும் தறுவாயில் ஒரு திங்கட்கிழமை ஆக்லாந்துக்கு விடுமுறை. முதல் கவர்னர் கப்பலில் வந்து இறங்கியதன் நினைவாம். வெலிங்டனில் இருப்பவன் அன்றைக்கு வேலைக்குப் போவான், நாங்கள் போகமாட்டோம். துறைமுகத்தில் பாய்மரப் படகுகள் ஓடும். பூங்காக்களில் சாக்கு ஓட்டம், கயிறிழுப்பு, பிள்ளைகளுக்கு முகத்தில் வர்ணம், பெரியவர்களுக்குப் பழங்கால உடுப்பு. குடும்பமாகப் போய்க் கொண்டாட இதைவிடத் தோதான நாள் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையாகத்தான் இருக்கும். நான் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை. மகள் ஒவ்வொரு வருஷமும் காரணம் கேட்பாள், வெயில் ஒத்துக்கொள்ளாது என்பேன். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். சாவகச்சேரி வெயிலில் சைக்கிள் ஓடிய மனிதனுக்கு ஆக்லாந்து வெயில் ஒத்துக்கொள்ளாதாம்!

1996இல் நாங்கள் ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில், இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஏழு வயது. நான் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். அதற்கு முன் ஊரில் பதினொரு வருஷம் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தவன். சட்டம் படித்தவனில்லை, ஆனால் சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எனக்கு மணக்கும். அந்த மூக்கைக் கொண்டுதான் என் குடும்பத்தைக் கெடுத்தேன்.

மனைவிக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு கவலை. அவளுடைய தகப்பன், ஐயா. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதுவார். முத்துமுத்தான எழுத்து, முத்திரை கோணாமல் ஒட்டியிருக்கும். முந்திய ஐப்பசி கடைசியில் ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க மழைக்குள் வெளிக்கிட்டு நடந்ததே, அந்த இடப்பெயர்வோடு கடிதம் நின்றுபோனது. அவளுடைய அண்ணன், என் மச்சான், ஐயாவையும் கூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போய்விட்டார் என்று கொழும்பிலிருந்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அவ்வளவுதான் தெரியும். அதன்பிறகு மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை.

ஐயாவை இங்கே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று அவள் விசாப் படிவம் எடுத்துவந்து பாதி நிரப்பி வைத்திருந்தாள். அவருடைய இப்போதைய முகவரி என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டாள். அந்தப் படிவம் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அவள் ஒவ்வொரு நாளும் மதியம் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாள். வேலை முடிந்து நான் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள், தான் பார்த்ததையும் மறந்து என்னிடம் கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, கடிதம் ஏதும் வந்ததோ?"

மார்கழி முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தலை வாரி இழுக்கவில்லை. மகள் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பதில் வராது. நான் பயந்துபோனேன். அந்தப் பயத்தையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும், பிறகு நடந்ததற்குச் சாட்டாக அல்ல.

அவளை மீட்டது ஒரு வெள்ளைக்கார மாது. வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து அவளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அறுபது வயதிருக்கும், பாட்டனுக்குப் பாட்டன் கப்பலில் வந்தவர் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. பழைய குடியேறிகளின் மரவீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு பூங்காவில் அந்த விடுமுறைக்கு ஒரு குடும்ப விழா நடத்துவார்களாம். ஒவ்வொரு வருஷமும் பழைய குடும்பங்களோடு புதிதாக வந்த குடும்பம் ஒன்றையும் மேடையில் ஏற்றுவார்களாம். இந்த வருஷம் நீங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் வந்தது கப்பலில் அல்ல, மூன்று விமானம் மாறி, வேறொருவன் எழுதித்தந்த கதையை மனப்பாடம் செய்துகொண்டு. ஆனால் மனைவி ஓம் என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. மகளுக்குக் கணுக்கால் வரை ஒரு கவுன், அதற்குமேல் வெள்ளை ஏப்ரன், தாடையில் நாடா கட்டும் குல்லா. அதே துணியில் தனக்கும் ஒரு குல்லா தைத்தாள். கூறைச் சேலைக்கு மேல் குல்லா போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடையில் சொல்ல ஆங்கிலத்தில் நாலு வசனம் எழுதி, சமைக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்!

கடிதம் விழாவுக்கு மூன்று நாள் முன்னம், வெள்ளிக்கிழமை வந்தது.

அன்றைக்கு அவள் நாடா வாங்க மகளோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். தபால்பெட்டியை நான் திறந்தேன். கொழும்பு முத்திரை, மச்சானின் எழுத்து, என் பெயருக்கு. உறையின் பசை அரைகுறையாகத்தான் ஒட்டியிருந்தது, விரலை விட்டதும் வந்துவிட்டது. வாசலில் நின்றபடியே வாசித்தேன். கார்த்திகை நடுப்பகுதியில், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காய்ச்சலில் ஐயா காலமாகிவிட்டார். மழைக்குள் விறகு பிடிக்காமல் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். கடிதத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்க இரண்டு மாதமாயிற்று. தங்கச்சிக்குப் பக்குவமாகச் சொல்லுங்கோ என்று முடித்திருந்தார் மச்சான்.

எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாவு எவ்வளவு தூரத்தில் நடந்தாலும், எத்தனை மாதம் பிந்தினாலும், செய்தி காதில் விழுந்த உடனே தலை முழுக வேண்டும். துடக்கு, சாவுத் தீட்டு, அந்த நேரத்திலிருந்துதான் பிடிக்கும். பிறகு கொண்டாட்டம் கிடையாது, மச்சம் மாமிசம் கிடையாது, பட்டு உடுத்துவது கிடையாது. என் மூக்கு உடனே வேலை செய்தது. செய்தி கேட்டால்தானே துடக்கு? அவள் இன்னும் கேட்கவில்லையே. கேட்காதவளுக்குத் துடக்கும் இல்லை, கேட்காதவள் பட்டு உடுத்தினால் குற்றமும் இல்லை. கேட்டவன் நான் ஒருவன். என் பங்கை நான் காத்துக்கொண்டால் போதும். மூன்று நாள், திங்கட்கிழமை வரைக்கும். இத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தவள் இன்னும் மூன்று நாள் சிரிக்கட்டும்.

கடிதத்தை வேலைப் பையின் அடியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை. வேட்டியோடு நின்று பச்சைத் தண்ணீரில் தலை முழுகினேன். ஐயா எனக்கு மகளைத் தந்த மனிதர். அவருக்கு இதையாவது செய்தேன் என்று அப்போது மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. நினைக்க இப்போது வெட்கமாயிருக்கிறது.

துவாயால் துவட்டிக்கொண்டு நிற்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள்.

"என்னப்பா, இந்த நேரத்தில தலை முழுகியிருக்கிறீங்கள்?"

"வேலையில ஒரே தூசி."

"வேட்டியும் நனைஞ்சு கிடக்கு."

"வழுக்கிப்போச்சு."

அவள் ஈரவேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு வழக்கமான கேள்வி.

"கடிதம் ஏதும் வந்ததோ?"

"இல்லை," என்றேன்.

சனிக்கிழமை ஆட்டுக்கறி காய்ச்சினாள், எனக்கு வயிறு சரியில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை மீன், அன்றைக்கும் வயிறு சரியில்லை. ரசம் வைத்துத் தந்தாள். வாளிக்காரனுக்கு வயிறு நொந்ததென்று மகளிடம் பகிடி விட்டாள். அந்த இரண்டு நாளும் அவள் என்னைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள் என்பதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. துரோகிக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நல்ல வெயில். கூறையைக் கட்டி, பெரிய பொட்டு வைத்து, குல்லாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பூங்காவில் சனமோ சனம். ஒரு பக்கம் பிள்ளைகள் கண்ணாடிப் போத்தலில் பாலாடையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி வெண்ணெய் எடுத்தார்கள். இன்னொரு பக்கம் உருகிய மெழுகில் நூலைத் தோய்த்துத் தோய்த்து மெழுகுதிரி செய்தார்கள். மகள் சாக்கு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். தகப்பனும் பிள்ளையும் ஒரு காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் ஓட்டத்தில் என்னையும் இழுத்துவிட்டாள். நான் ஓடினேன், விழுந்தேன், பார்த்தவர்கள் கைதட்டினார்கள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு இறைச்சிச் சொசேஜைப் பாண் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் வாயருகில் நீட்டினாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினேன். ஒரு கணம் என்னையே பார்த்தாள், பிறகு அதை மகளிடம் கொடுத்தாள்.

மேடைக்கு முன்னம் ஒரு சடங்கு இருந்தது. கப்பலில் வரும் வழியிலேயே செத்துப்போன பிள்ளைகளையும் பெரியவர்களையும் நினைத்து, ஒவ்வொரு குடும்பமும் ஒரு ரோஸ்மேரிக் கிளையைப் பழைய நங்கூரம் ஒன்றின் கீழே வைக்க வேண்டும். எங்களுக்கும் ஒரு கிளை தந்தார்கள். மனைவி அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிவிட்டுக் குனிந்து வைத்தாள்.

"பாவம்," என்றாள் என்னிடம். "கடலில செத்த சனம். பெத்ததுகளுக்குச் செய்தி போய்ச் சேர எத்தினை மாதமாயிருக்கும்."

என் கை வேலைப் பையில் இருந்தது. அந்தப் பையை நான் அன்றைக்கும் தோளில் கொண்டுதான் திரிந்தேன், வீட்டில் விட்டுவரத் துணிவில்லை. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சுற்றிவர நின்றவர்கள் எல்லோரும் செத்தவர்களுக்காகத் தலை குனிந்து நின்றார்கள். இதைவிட நல்ல இடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது மேடை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

மேடையில் பழைய குடும்பங்கள் தங்கள் முதல் ஆளின் பெயரையும் கப்பலின் பெயரையும் சொன்னார்கள். அவர்களுக்கு முன்பே, எந்தக் கப்பலுக்கும் முன்பே இங்கே இருந்த மாவோரி மக்களிலிருந்து ஒரு குடும்பம் காலையில் வரவேற்புப் பாடிவிட்டு இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் யாரும் கப்பலின் பெயர் கேட்கவில்லை. பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். மகள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மனைவி குல்லாவைப் போட்டுக்கொண்டாள், சனம் ஆரவாரம் செய்தது. எழுதிவைத்த நாலு வசனத்தையும் தடுமாறாமல் சொன்னாள். அதோடு இறங்கியிருக்கலாம். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மாது சும்மா இராமல், ஊரில் யாரை விட்டுவந்தீர்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

என் மனைவி அதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். என் தகப்பன் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. அவருக்கு நான் படிவம் நிரப்புகிறேன். அடுத்த வருஷம் அவரும் இந்த மேடையில், இந்தத் தொப்பியோடு நிற்பார்.

அந்தக் கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். மாது படம் எடுத்தார். நானும் கைதட்டினேன். எல்லோரும் தட்டும்போது தகப்பன் ஒருவன் மட்டும் தட்டாமல் நின்றால் பிள்ளை பார்க்காதா?

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். வாசலில் இறங்கியதும் புதிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. இன்றைக்குச் சொன்னால், கடிதம் எப்போது வந்தது என்று கேட்பாள். இன்றைக்கு விடுமுறை, தபால் கிடையாது. தபாலதிபரின் மகளுக்கு அது தெரியாமலா போகும்? நாளைக்கு வந்ததாக இருக்கட்டும். நான் சொல்லவும் வேண்டாம், அவளே எடுத்து வாசிக்கட்டும். மகளைக் குளிக்க வார்க்க அவள் போன நேரம், பானையில் கிடந்த நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசித்து உறையை ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது தபால்பெட்டிக்குள் போட்டேன். ஊரில் எத்தனை உறுதிப் பத்திரம் ஒட்டிய கை!

இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் முன்னறையில் மெழுகுதிரியோடு விளையாடிக்கொண்டிருந்தாள், அம்மா அழுகிறா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மனைவி குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். முழுகியிருந்தாள். தலைமுடி விரிந்து கிடந்தது, முதுகெல்லாம் ஈரம். பொட்டு இல்லை. கடிதம் மடியில் விரிந்து கிடந்தது. உறையைத் தனியாக மேசையில் வைத்திருந்தாள்.

நான் தெரியாதவன்போல என்ன, என்ன என்று கேட்டேன். அவள் கடிதத்தை நீட்டினாள். இரண்டாவது தடவையாக, முதல் தடவை வாசிப்பவன்போல வாசித்தேன். ஐயோ என்றேன். அந்த ஐயோ உண்மையானதுதான், ஆனால் அதை நான் நாலு நாள் பிந்திச் சொன்னேன். அவளுடைய தலையில் கை வைத்தேன், அவள் தட்டிவிடவில்லை. பிறகு செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினேன்.

"எங்கை போறீங்கள்?"

"முழுகிட்டு வாறன்."

"நீங்கள் என்னத்துக்கு இனி முழுகிறீங்கள்?" என்றாள். சத்தம் போடவே இல்லை. "நீங்கள்தான் வெள்ளிக்கிழமையே முழுகிட்டீங்களே. வேட்டியோட."

உறையின் ஓரத்தில் காய்ந்து கிடந்த சோற்றுப் பருக்கையை அவள் நகத்தால் சுரண்டினாள்.

"கறி தின்னேல்லை. மீன் தின்னேல்லை. நேற்று அந்த சொசேஜையும் தொடேல்லை. வயிறு நோகுது எண்டு நம்பி ரசம் வைச்சுத் தந்தன். நீங்கள் என்ரை ஐயாவுக்குத் துடக்குக் காத்திருக்கிறீங்கள். நான், பெத்த பிள்ளை, கூறையைக் கட்டிக்கொண்டு குல்லாவும் போட்டு, ஐயா வருவார் எண்டு சனத்துக்குச் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்."

"உமக்காகத்தான்... நீர் சிரிச்சு எத்தினை நாள்..."

"எனக்குத் துடக்கு எண்டையிலிருந்து? சட்டம் தெரிஞ்ச ஆள்தானே, சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமையிலிருந்தோ, இண்டையிலிருந்தோ?"

பதில் என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை வாசலில் நின்று நானே கண்டுபிடித்த பதில்தான். அதை அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவள் அதற்குமேல் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எட்டுச் செலவு, முப்பத்தொன்று என்ற சடங்கு எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமையிலிருந்து தானே எண்ணி முறைப்படி செய்தாள். எனக்கு மரக்கறி காய்ச்சித் தந்தாள். மாது படத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். படத்தின் மூலையில் கமரா திகதி அடித்திருந்தது. அதைக் கிழிக்கவில்லை. பிஸ்கட் டின்னுக்குள், பாதி நிரப்பிய படிவத்துக்கு மேலே, கடிதத்தோடு சேர்த்து வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் திறந்து பார்ப்பதில்லை. அந்த விழாவுக்கு மறு வருஷமும் அழைப்பு வந்தது, நாங்கள் போகவில்லை.

கடிதம் வந்ததோ என்று அவள் என்னைப் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. தபால்பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள், சாவி அவளுடைய தாலிக்கொடியில் தொங்கியது. மச்சான் எழுதும் கடிதங்களை அவளே எடுத்து, அவளே வாசித்து, அவளே வைத்துக்கொள்வாள். ஊரில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லமாட்டாள். சொல்லென்று கேட்க எனக்கு வாயும் இல்லை.

1999இல், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஆடி மாதப் பின்னேரம், வேலையால் வந்தேன். அவள் அடுப்படியில் நின்று மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆடி இங்கே குளிர்காலம், அந்தக் குளிரில் தலைமுடி விரிந்து, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொட்டு இல்லை. ஊரில் அவளுக்கு யார் மிச்சமிருந்தார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மச்சானா, மச்சானின் பிள்ளைகளில் ஒன்றா, சின்னம்மாவா? அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

யார் என்று நான் கேட்கவில்லை. போய் முழுகினேன்.